தண்ணீர்க் குழாய் இல்லாத யார்டில் நிற்கும் கேரவனை எப்படிக் கழுவுவது?

#1 கென்ட்வாசி

எல்லோருக்கும் வணக்கம். காரின் பின்னால் இழுத்துப் போகும் எங்கள் கேரவன் இங்கிலாந்தில் மெய்ட்ஸ்டன் பக்கம் ஒரு பண்ணையின் ஸ்டோரேஜ் யார்டில் (வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம்) அக்டோபரிலிருந்து நிற்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தால் வடக்குப் பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி. ஆனிங் ரெயிலின் (வெளிக்கூடாரத்தை மாட்டும் பட்டை) ஓரத்திலிருந்து கீழே கறுப்புக் கோடுகள் வழிந்திருக்கின்றன. கூரையில் புறா எச்சம் காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது. வேலியோரம் பெரிய மரங்கள் இருப்பதால் சருகும் பிசினும் வேறு.

யார்டில் குழாய் கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஜெனரேட்டர் போடக்கூடாது, சோப்புத் தண்ணீர் வழிந்து ஓட விடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீடோ வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு, தெருவில்தான் காரே நிற்கிறது. அங்கே கேரவனை இழுத்து வந்து நிறுத்த வழியில்லை.

ஈஸ்டருக்குப் பிள்ளைகளோடு பெம்ப்ரோக்‌ஷர் போக முன்பதிவு செய்துவிட்டோம். அங்கே போய்க் கழுவலாம் என்றால் அந்த கேம்ப்சைட்டில் வாகனம் கழுவ அனுமதி இல்லை. கையால் கார் கழுவும் கடைகளில் கேட்டால் உயரம் அதிகம் என்று மறுக்கிறார்கள். இந்த நிலையில் இருக்கும் யாராவது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா? பேட்டரியில் ஓடும் பிரஷர் வாஷர் வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

#2 சாலைப்பறவை

வணக்கம் தம்பி. நாங்களும் பல வருடமாகக் குழாய் இல்லாத யார்டில்தான் வைத்திருக்கிறோம். 40 லிட்டர் தண்ணீர் இருந்தால் ஒரு கேரவனைக் கூரையோடு சேர்த்து வடிவாகக் கழுவலாம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அழுக்கில் கலந்திருக்கும் மண்ணும் துகளும்தான் பெயின்ட்டையும் ஜன்னலையும் கீறுகின்றன. ஹோஸ் இருக்கிற வீட்டில் துணி படும் முன்பே அந்தத் துகள் ஓடிப் போய்விடும். ஹோஸ் இல்லாதபோது அதே வேலையை ஊறவைத்துத்தான் செய்ய வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் அவசரப்படாமல் இருந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

தண்ணீர் கொண்டு போவது: கேரவனோடு உங்களிடம் அக்வாரோல் (உருட்டிப் போகும் தண்ணீர்ப் பீப்பாய்) இருக்கும், அதில் 40 லிட்டர் பிடிக்கும். ஆனால் நிரப்பினால் 40 கிலோவுக்கு மேல், காரின் டிக்கியில் தூக்கி வைக்க முடியாது. நான் 10 லிட்டர் கேன்களில் வீட்டிலிருந்து கொண்டு போகிறேன். ஒன்றில் மட்டும் சுடுதண்ணீர், பழைய போர்வையைச் சுற்றி எடுத்துப் போனால் யார்டுக்குப் போகும்வரை சூடு நிற்கும். மார்ச் மாதக் குளிரில் பாசிக்கும் காய்ந்த எச்சத்துக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர் செய்கிற வேலையைக் குளிர்ந்த தண்ணீர் செய்யாது. உங்கள் விரல்களுக்கும் நல்லது. கேன்கள் டிக்கியில் உருளாமல் கட்டி வையுங்கள்.

வாங்க வேண்டியது: தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற 5 லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயர் (புதியது, களைக்கொல்லி ஊற்றியதாக இருக்கக்கூடாது), கட்டுக்கட்டாக மைக்ரோஃபைபர் துணி, நீளும் கம்பில் மென்மையான பிரஷ் அல்லது மைக்ரோஃபைபர் தலை, கேரவனுக்கென்று விற்கும் கிளீனர் ஒன்று, பிறகு ரின்ஸ்லெஸ் வாஷ். இது அலசத் தேவையில்லாத கார் ஷாம்பூ. ஆப்டிமம் நோ ரின்ஸ்தான் இதில் பெயர் பெற்றது. 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்பது அதன் அளவு, அதாவது 10 லிட்டர் வாளிக்கு 40 மில்லிகூட வேண்டாம். நுரை வராது. நுரை வரவில்லையே என்று மேலும் ஊற்றாதீர்கள், கோடு கோடாகத் தங்கும். இதில் உள்ள பாலிமர்கள் அழுக்குத் துகளைச் சூழ்ந்து வழுக்கலாக்கிவிடும், அதனால்தான் அலசாமலே துடைத்து எடுக்க முடிகிறது.

செய்முறை: மேகமூட்டமான, காற்றில்லாத நாள் பாருங்கள். கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். பக்கங்களை முதலில் முடித்தால் கூரை அழுக்கு மறுபடியும் அதில்தான் வழியும். பாசி உள்ள இடத்தில் கேரவன் கிளீனரைக் கீழிருந்து மேலாக ஸ்ப்ரே செய்யுங்கள். மேலிருந்து அடித்தால் காய்ந்த பரப்பில் தாரை வழிந்து கறை பிடிக்கும். சில நிமிடம் ஊறட்டும், காய விடக்கூடாது. அப்புறம் வெறும் தண்ணீரை ஸ்ப்ரேயரில் போட்டு மேலிருந்து கீழே அடித்தால் பெரிய அழுக்கு இறங்கிவிடும். ஹோஸ் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும் இடத்தில் இந்த ஸ்ப்ரேயர் ஒரு லிட்டர் அளவில்தான் செலவழிக்கும்.

அதற்குப் பிறகுதான் துணி. எல்லாத் துணியையும் ரின்ஸ்லெஸ் வாளியில் ஒரேயடியாக நனைத்துவிடுவேன். ஒன்றை எடுத்து இரண்டு தரம் மடித்தால் உள்ளும் புறமுமாக எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் ஒரு பகுதியை ஒரே திசையில் இழுத்துத் துடைத்து, அடுத்த பகுதிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எட்டும் முடிந்தால் அழுக்குப் பைக்குள். வாளிக்குள் திரும்பப் போகக்கூடாது. இப்படிச் செய்தால் வாளித் தண்ணீர் கடைசிவரை சுத்தமாகவே இருக்கும், இரண்டாவது வாளியும் தேவைப்படாது. பின்னாலேயே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வழிந்து ஓடுகிற அளவுக்குத் தண்ணீரே இருக்காது, உங்கள் யார்டு விதிக்கும் பொருந்தும்.

வீட்டில் அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டால் இழை அடைத்துப் போகும்.

#3 நாலுசக்கரம்

சாலைப்பறவை அண்ணா சொன்னது கார் அளவுக்குச் சரி. குளிர்காலம் முழுக்க மரத்தடியில் நின்ற 6 மீட்டர் கேரவனை எட்டு முகம் பத்து முகம் என்று துடைத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். நான் பேட்டரி பிரஷர் வாஷர்தான் வைத்திருக்கிறேன். வாளியிலோ கேனிலோ குழாயை விட்டால் தானே உறிஞ்சும், மின்சாரம் வேண்டாம், ஜெனரேட்டர் சத்தம் இல்லை. துகள்தான் எதிரி என்று அவரே சொல்கிறார். தொடாமல் துகளை இறக்க இதைவிட நல்ல வழி ஏது? கென்ட்வாசி, தாராளமாக வாங்குங்கள். தண்ணீர் 60, 70 லிட்டர் கொண்டு போங்கள்.

#4 ஈரக்காற்று

பிரஷர் வாஷர் என்றதும் எனக்குப் பகீர் என்கிறது. தயவுசெய்து வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

கேரவனின் சுவர் காரைப் போல ஒரே தகடாக இருப்பதில்லை. வெளியே மெல்லிய அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ், உள்ளே நுரைப் பலகை, பல வண்டிகளில் மரச் சட்டம், அதற்கும் உள்ளே பிளைவுட். இரண்டு பலகை சேரும் மூலைகள், ஆனிங் ரெயிலின் திருகுகள், கைப்பிடி, விளக்கு, ஜன்னல் ரப்பர், கூரை ஜன்னல் என்று எல்லா இடத்திலும் தண்ணீரைத் தடுத்து நிற்பது இடுக்கை அடைக்கப் பூசும் சீலன்ட் மட்டும்தான். அது வருடம் போகப் போக இறுகி வெடிக்கும். மழைநீர் மேலிருந்து வழியும்போது தாங்குகிற மூட்டு, கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ அழுத்தத்தோடு அடிக்கிற தண்ணீரைத் தாங்காது.

நாங்கள் பழைய கேரவன் ஒன்றை வாங்கியபோது வெளியே பளபளவென்று இருந்தது. முன் மூலையில் உள்சுவர் கையால் அழுத்தினால் அமுங்கியது. விற்றவர் வருடாவருடம் பிரஷர் வாஷரால் கழுவியதைப் பெருமையாகச் சொன்னார். அதனால்தான் ஈரம் இறங்கியது என்று நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த மூலையைப் பிரித்து மரம் மாற்றிக் கட்ட ஆன செலவில் நாங்கள் ஒரு கோடை முழுக்க எங்கும் போகவில்லை. புது வண்டிகளுக்கு நீர்க்கசிவு உத்தரவாதம் தொடர வருடாந்திர ஈரப்பதச் சோதனையைக் கேட்பதும் இதனால்தான்.

குளிர்சாதனப் பெட்டியின் வெளித் துவாரங்கள், ஹீட்டர் புகைக்குழாய் இரண்டுக்குள்ளும் தண்ணீர் அடிக்கவே கூடாது. கழுவும் முன் அவற்றுக்கான மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் கழற்ற மறக்காதீர்கள்.

#5 நாலுசக்கரம்

ஈரக்காற்று அக்கா, உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு கொடுக்கிறேன். ஆனால் வீட்டில் கரண்டில் ஓடும் மெஷினையும் இதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். வீட்டு மெஷின் 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் அடிக்கும். பேட்டரி வகை பெரும்பாலும் 5 முதல் 25 பார் வரைதான். 5 பார் என்பது நல்ல அழுத்தமுள்ள தோட்டக் குழாயை ஒட்டியது. விசிறி போல விரியும் நாசில் போட்டு, கை நீளம் தள்ளி நின்று, மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் அடித்தால் சீலன்ட்டுக்கு என்ன ஆகிவிடும்? மூட்டுகளையும் ரப்பரையும் விட்டுவிட்டு நடுப்பலகைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சக்கர வளைவுக்கும் அடிச்சட்டத்துக்கும் இதை விட்டால் வேறு வழியே இல்லை.

#6 ஈரக்காற்று

விசிறி நாசில், கீழ்நோக்கி மட்டும், மூட்டைத் தொடாமல், இந்த மூன்றும் இருந்தால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் முதல் தடவை செய்பவர், அதுவும் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், பாசி போகவில்லை என்றால் நாசிலைக் கிட்டே கொண்டு போவார். அங்கேதான் கெடுதல் நடக்கிறது. பம்ப் ஸ்ப்ரேயரில் அந்தச் சபலத்துக்கே இடமில்லை, விலையும் பத்தில் ஒரு பங்கு.

#7 கென்ட்வாசி

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. ஸ்ப்ரேயர் வாங்கிவிட்டேன். இரண்டு சந்தேகம். ஜன்னலில் பிசின் புள்ளிகள் இருக்கின்றன. பக்கத்துக் கேரவன்காரர் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்தால் போய்விடும் என்கிறார். கூரைப் பாசிக்குக் கொஞ்சம் பிளீச் கலந்து அடிக்கலாம் என்றும் சொன்னார். செய்யலாமா? அப்புறம் கூரையில் ஏறாமல் நடுப்பகுதியை எப்படி எட்டுவது?

#8 மழைக்கோட்டு

நான் கேரவன்களுக்கு வீடு தேடிப் போய் சர்வீஸ் செய்கிற வேலையில் இருக்கிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஸ்பிரிட் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேண்டவே வேண்டாம். அந்த ஜன்னல்கள் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் அதில் படக்கூடாது. பட்ட அன்று ஒன்றும் தெரியாது. அப்புறம் வெயிலில் நின்ற ஒரு நாளில் உள்ளுக்குள் நுண்ணிய விரிசல்கள் வலை போல ஓடியிருக்கும். பாலிஷ் போட்டு மீட்க முடியாது, ஜன்னலையே மாற்ற வேண்டும். வண்டி பழைய மாடல் என்றால் அதே ஜன்னல் கிடைப்பதே பெரும்பாடு. முன், பின் பகுதியின் வளைவான பிளாஸ்டிக் பலகைகள் பல வண்டிகளில் ஏபிஎஸ் என்ற வகை. அதுவும் கரைப்பான் பட்டால் வெடிக்கும்.

பிசினுக்கு வழி: இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியை ஜன்னல்மேல் போர்த்தி ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். இளகியதும் விரல் நுனியில் துணியைச் சுற்றி, அழுத்தாமல் உருட்டி எடுங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள். பறவை எச்சத்துக்கும் இதே வழிதான். எச்சத்தில் அமிலம் இருக்கிறது, மணலும் இருக்கிறது, காய்ந்ததைத் தேய்ப்பதுதான் பெயின்ட்டுக்கு நாம் செய்யும் பெரிய கேடு.

பிளீச்சும் வேண்டாம். ஸ்டிக்கர் கோடுகள் வெளிறும், திருகுகளும் உலோக ஓரங்களும் அரிக்கும், வழிந்து புல்லில் இறங்கினால் யார்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார். கேரவன் கிளீனரே பாசிக்குப் போதும், ஊற நேரம் கொடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தையும் தவிருங்கள், இருக்கிற மெழுகை எடுத்துவிடும்.

கூரையில் ஏறுவது பற்றி: பெரும்பாலான கேரவன் கூரைகள் ஆள் நிற்பதற்காகச் செய்தவை அல்ல. இரண்டு பக்கமும் நிலையான மேடை ஏணி போட்டு, நீளும் கம்பால் ஒவ்வொரு பக்கமிருந்தும் பாதி பாதியாக எட்டுங்கள். ஏணியைக் கேரவன் சுவரில் சாய்க்காதீர்கள், தகடு பள்ளம் விழும். கூரையில் ஈரமும் சோப்பும், கீழே சேறு என்ற நிலையில் தனியாகப் போக வேண்டாம், ஒருவர் ஏணியைப் பிடிக்கட்டும்.

கழுவத் தொடங்கும் முன் ஸ்டெடிகள் (மூலைகளில் கீழே இறக்கும் தாங்கு கால்கள்) நான்கும் இறங்கியிருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர்காலத்தில் கைபிரேக்கை இழுக்காமல் தளர்த்தி வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் கட்டை நகர்ந்திருந்தால் ஒரு தள்ளலில் வண்டி உருளும்.

#9 நனைந்தஇலை

நான் அடிக்கடி மழை பெய்யும் கம்ப்ரியாவில் இருக்கிறேன். இங்கே எங்களுக்குத் தண்ணீரைச் சுமக்கத் தேவையே வருவதில்லை. தூறல் நாளில் போவேன். முதல் மணி நேரத் தூறலில் அழுக்கு தானே ஊறியிருக்கும், கிளீனரை அடித்துத் துடைத்தால் மிச்சத்தை மழையே அலசும். மழைக்கோட்டும் பூட்ஸும் போதும்.

#10 தேம்ஸ்கரை

நனைந்தஇலை சொன்னதில் இன்னொரு நன்மை உண்டு. லண்டனிலும் கென்ட்டிலும் குழாய்த் தண்ணீர் கடினத்தன்மை மிகுந்தது. சுண்ணாம்பு கலந்த அந்தத் தண்ணீர் பரப்பில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி தங்கும், கறுப்பு ரப்பரிலும் ஜன்னலிலும் அசிங்கமாகத் தெரியும். மழைநீர் மென்மையானது. தோட்டத்தில் பீப்பாய் இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரைப் பழைய துணியில் வடிகட்டிக் கேனில் எடுத்துப் போங்கள். ரின்ஸ்லெஸ் வாஷுக்கும் அது நல்லது.

2022 கோடையில் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஹோஸ்பைப் தடை (வறட்சியில் ஹோஸ் பிடிக்கக்கூடாது என்ற தடை) வந்ததை எல்லோரும் நினைவு வைத்திருப்பீர்கள். 1000 பவுண்டு வரை அபராதம் என்றார்கள். அப்போதும் வாளியில் கழுவத் தடை இல்லை, சேமித்த மழைநீருக்கும் இல்லை. குழாய் உள்ள யார்டுகளில் வைத்திருந்தவர்கள் கைகட்டி நின்றபோது வாளிக்காரர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. இந்த முறையை எல்லோரும் பழகிக்கொள்வது நல்லது என்பேன்.

யார்டின் விதியையும் நாம் மதிக்க வேண்டும். மழைநீர் வடிகாலில் போகிற சோப்பு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, பெரும்பாலும் நேராக ஓடைக்கும் ஆற்றுக்கும்தான். பண்ணை என்றால் பக்கத்திலேயே கால்நடையும் குட்டையும் இருக்கும். மிச்ச வாளித் தண்ணீரை அங்கே கொட்டாமல் கேனில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து கழிவறையில் ஊற்றுங்கள்.

#11 யாராநதி

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். பெரிய வறட்சி நடந்த 2007 வாக்கில் இங்கே வீட்டில் கார் கழுவுவதற்கே தடை இருந்தது. கண்ணாடி, விளக்கு மாதிரி பாதுகாப்புக்கு வேண்டியதையும், பெயின்ட்டை அரிக்கிற கறையையும் மட்டும் வாளித் தண்ணீரால் துடைக்கலாம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்ததால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் கேரவனுக்கு ஹோஸ் பிடிப்பதில்லை.

வெயில் நாட்டுக்காரியாக ஒரு எச்சரிக்கை: தண்ணீரே இல்லாமல் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கிற ‘வாட்டர்லெஸ்’ பாட்டில்களை ரின்ஸ்லெஸ் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். லேசான தூசிக்கு அது சரி. மாதக்கணக்காக நின்ற வண்டிக்கு அதைப் பயன்படுத்தினால் அத்தனை துகளையும் பெயின்ட்டில் தேய்ப்பதாகத்தான் முடியும்.

#12 கென்ட்வாசி

சனிக்கிழமை மனைவியும் நானும் போய் முடித்துவிட்டு வந்தோம். நடந்ததை எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

40 லிட்டர் கொண்டு போனோம், ஒரு கேன் மிஞ்சியது. சுடுதண்ணீர் யோசனைக்கு சாலைப்பறவை அண்ணாவுக்குத் தனி நன்றி. வடக்குப் பக்கத்துப் பாசி கிளீனர் பட்டு ஐந்து நிமிடத்திலேயே இளகி இறங்கியது. கூரைதான் அதிக நேரம் எடுத்தது. கம்பு முனையில் இருந்த துணியை அடிக்கடி மாற்றினோம், ஒவ்வொன்றும் கரி பூசியதுபோல வந்தது. பிசினுக்கு ஈரத்துணி போர்த்தும் முறை அப்படியே வேலை செய்தது, ஜன்னலில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆனிங் ரெயிலுக்குக் கீழே உள்ள கறுப்புக் கோடுகள் வெளிறினவே தவிர முழுக்கப் போகவில்லை. இன்னொன்று, முன் மூலையில் சீலன்ட் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருப்பதைத் துடைக்கும்போது பார்த்தோம். கையால் ஒவ்வொரு பகுதியாகப் போனதால்தான் கண்ணில் பட்டது. மழைக்கோட்டு அண்ணா, ஈஸ்டருக்கு முன் அதைச் சரி செய்ய வேண்டுமா? அப்புறம் திரும்பி வந்ததும் கவர் போட்டு மூடலாமா?

#13 மழைக்கோட்டு

சீலன்ட்டை உடனே செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். சிலிகான் வாங்கி மேலே பூசிவிடாதீர்கள், பின்னால் சரியான சீலன்ட் அதன்மேல் ஒட்டாது. அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலிருந்து யாரையாவது கூப்பிட்டு ஈரப்பதமானி வைத்து அந்த மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே காய்ந்திருந்தால் சின்ன வேலைதான். அவர்கள் வரும்வரை நல்ல வெளிப்புற டேப் ஒன்றை, சுத்தமாக உலர்ந்த பரப்பில், மழை உள்ளே போகாதபடி ஒட்டி வையுங்கள்.

கறுப்புக் கோடு போகாததற்குக் காரணம், வெள்ளைப் பெயின்ட் வெயிலில் மங்கி நுண்துளை விட்டிருக்கும், அழுக்கு அதற்குள் இறங்கியிருக்கும். கோடுகளுக்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் ஊற்றி அந்த இடத்தில் மட்டும் தேயுங்கள், அப்புறம் மெழுகு போடுங்கள். சமையலறை ஸ்கிரப்பர் கூடவே கூடாது. மெழுகு ஏறிய பரப்பில் அடுத்த வசந்தத்தில் பாதித் தண்ணீரிலேயே வேலை முடியும்.

கவர் பற்றி ஈரக்காற்று சொல்லட்டும், அவர் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

#14 ஈரக்காற்று

வைத்திருக்கிறேன். காற்றோட்டமான துணிக் கவராக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று பாசி இன்னும் அதிகமாகும். கழுவி, நன்றாக உலர்ந்த பிறகுதான் போட வேண்டும். அழுக்கின்மேல் கவர் போட்டால் ஒவ்வொரு காற்றுக்கும் துணி அசைந்து ஜன்னலை அரம்போல உராயும். பட்டைகளை இறுக்கிக் கட்டுங்கள், காற்று பலமாக அடிக்கும் திறந்த வெளி யார்டு என்றால் கவரே வேண்டாம் என்பேன், மெழுகு போதும்.

கழுவி முடித்த கையோடு கேஸ் பெட்டியின் தரையில் உள்ள துவாரத்தையும் பார்த்துவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே வெளியேறத்தான் அந்தத் துவாரம். உங்கள் மரத்தடிச் சருகு அதை அடைத்திருக்க வாய்ப்பு உண்டு.

#15 கென்ட்வாசி

பார்த்தேன் அக்கா, ஒரு பக்கம் சருகு அடைத்துத்தான் இருந்தது, எடுத்துவிட்டேன். சீலன்ட்டுக்கு வியாழக்கிழமை ஆள் வருகிறார். எங்கள் யார்டு மரத்தடி, காற்று அவ்வளவு வராது, அதனால் இலையுதிர் காலத்தில் துணிக் கவர் வாங்கிவிடுகிறேன்.